பென்ட்சிவாவின் பதிமூணாம் நம்பர்

அபுரானோ குன்றின் மேல் இருக்கும் பல்கலைக்கழகத்தில் மற்ற துறைகள் கூட்டம் போட்டால் நாற்காலிதான் கேட்கும். மொழி பண்பாட்டுத் துறை போட்டால் மட்டும் மண்டபம் பிதுங்கும். பேச வருகிறவர்களின் பெருமை என்று துறைக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும், பேச்சுக்கு என்ன வரியா கட்டுகிறார்கள்? பின்வாசல் மாமரத்தடியில் பென்ட்சிவா எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிட்டாள் என்றால், பொறியியல் கட்டிடத்தில் இருக்கிறவனுக்குக்கூடத் திடீரென்று பண்பாட்டின் மேல் பற்று வந்துவிடும்.

நம் பக்கத்தில் கூட்டத்துச் சாப்பாட்டுக்கு 'பதிமூணாம் நம்பர்' என்று பேர். நிகழ்ச்சி நிரலில் ஏழு நிகழ்ச்சி இருந்தாலும் சாப்பாடு பதிமூணுதான், பத்து இருந்தாலும் பதிமூணுதான். யார் வைத்த பேர் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், எல்லாம் புளுகு. அதைத் தாளில் அச்சடிப்பது கிடையாது. நன்றியுரை முடிந்ததும் மேடையில் நிற்கிறவர் தொண்டையைக் கனைத்து "பதிமூணாம் நம்பர்" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் அவர் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தப் பதிமூணாம் நம்பர் இத்தனை வருஷமாகப் பென்ட்சிவாவுடையது. மாவுக்குள் கொத்திறைச்சி அடைத்துச் சுட்ட இறைச்சிப் பை, இஞ்சியும் மிளகாயும் தடவிப் பொரித்த வாழைப்பழத் துண்டு, கருமிளகாய்த் துவையலோடு வறுத்த மீன், குடிக்கப் புளிச்சைப்பூச் சர்பத். மத்தளக் கூத்து நடக்கும் மாலையானால் கூடவே தக்காளிச் சோறு. மண்டபத்துக்குள்ளே என்ன பேசுகிறார்கள் என்பது ஜன்னல் வழியாக அவள் காதில் விழும். பாதி புரியாது. புரியாததைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "உள்ள பேசுறது அவங்க வேலை, வெளிய வறுக்குறது என் வேலை. நான் போயி பேசவா, அவங்க வந்து வறுக்கவா?" என்பாள், கூட வேலை செய்யும் எசியிடம். எசியும் அவளும் சர்ச்சில் ஒரே வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள்.

பேச்சு எப்படி இருந்தது என்று அளக்க அவளிடம் ஒரு முறை உண்டு. வெளியே வருகிறவர்கள் வந்த வேகத்தில் தட்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு தின்றால், பேசியவர் கழுத்தறுத்திருக்கிறார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மீன் ஆறிப்போவது தெரியாமல் சண்டை போட்டால், நல்ல பேச்சு. நல்ல பேச்சு நடந்த நாளில் மீன் மிஞ்சும், அவளுக்கு நஷ்டம் கிடையாது. அதைப் பொட்டலம் கட்டி விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தலையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி குன்றிலிருந்து இறங்குவாள். நல்ல வீடு, நல்ல புருஷன், வாய் கொஞ்சம் நீளமான இரண்டு பெண்கள், மூட்டுவலி இல்லாத முழங்கால். கேட்டால் "எனக்கு என்ன குறை?" என்றுதான் சொல்வாள். பொய்யும் இல்லை.

ஒரே ஒரு குறை இருந்தது. அதன் பேர் ஒட்டுவா.

ஒட்டுவா அவளுடைய அக்கா. கடற்கரையில் வலை இழுத்த அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைகளில் முதலில் படித்துப் பாஸானவள், மெதடிஸ்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, தலைமை டீச்சராகி, போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். பென்ட்சிவா கடைசி வகுப்புக்கு வந்தபோது வகுப்பு டீச்சர் சொந்த அக்காதான். தங்கை என்று பார்க்காமல் ஃபெயில் போட்டாள். அது நியாயம் என்று பென்ட்சிவாவே சொல்வாள், அவளுக்கு இங்கிலீஷ் கடைசி வரைக்கும் வரவே இல்லை. ஆனால் ஒட்டுவா அதோடு விடவில்லை. அம்மாவிடம் போய், "இவளுக்கு இன்னொரு வருஷம் ஃபீஸ் கட்டுறது கடல்ல உப்பு கரைக்கிறது. பானை பிடிக்கத்தான் இவ லாயக்கு" என்றாள். அம்மா பானையைக் கையில் கொடுத்துவிட்டாள்.

அதைக்கூட மறந்துவிட்டாள். படகு இறங்குகிற இடத்தில் வள்ளிக்கிழங்கு வறுத்து விற்று, பிறகு விடுதி வாசலுக்கு வந்து, ஒருநாள் கூத்துக்குச் சாப்பாடு சொல்லிவைத்த ஆள் வராமல் போக, அப்போது சின்ன லெக்சரராக இருந்த ஆர்கோஃபுல் அம்மா வாசலுக்கு ஓடிவந்து அவளையும் சட்டியையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொண்டு போனதிலிருந்து, அவள் பிழைப்பு நன்றாகத்தான் நடந்தது. மறக்க முடியாதது வேறு. அம்மாவின் சாவுச் சடங்கில், வந்த பெரியவர்களுக்குக் குடும்பத்தை அறிமுகம் செய்யும்போது ஒட்டுவா சொன்னாள்: "நான் மூத்தவ, தலைமை ஆசிரியை. இவன் என் தம்பி, துறைமுகத்துல சுங்க அதிகாரி. அது பென்ட்சிவா, சமைக்கிறா." மற்றவர்களுக்கு 'நான்', 'என் தம்பி'. இவளுக்கு மட்டும் 'அது'. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. பென்ட்சிவாவுக்கு அன்றைக்கு அம்மாவுக்காக அழுததில் பாதி இதற்கும் சேர்த்துத்தான்.

இந்த வருஷம் துறைத்தலைவியாக இருக்கும் அதே ஆர்கோஃபுல் அம்மா ஒருநாள் மாமரத்தடிக்கு வந்து, "ஆன்ட்டி பென்ட்சிவா, ஆண்டு விழாச் சொற்பொழிவுல உங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம்" என்றார்.

பென்ட்சிவா கரண்டியை வைத்தாள். "யாருக்கு?"

"உங்களுக்குத்தான். கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில நிக்கவச்சு, சபையே எழுந்து நிக்க, நானே வாசிக்கிறேன்."

"அன்னைக்குச் சமையல் யாரு?"

"அதுவும் நீங்கதான்" என்றார் துறைத்தலைவி, கொஞ்சம் வெட்கத்தோடு.

பாராட்டுப் பத்திரம் என்றால் நமக்கெல்லாம் என்ன பைத்தியம் என்று சொல்லத் தேவையில்லை. பதவி போனாலும் சுவரிலிருந்து அது போகாது. ஆனால் பென்ட்சிவா அன்றே மாலை நடந்தது சட்டத்தை மாட்ட ஆணி வாங்குவதற்கு இல்லை, அக்கா வீட்டுக்கு.

ஒட்டுவா தண்ணீர் கொடுத்தாள். தங்கை குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, முறைப்படி கேட்டாள்.

"இங்க எல்லாரும் சௌக்கியம். நீ வந்த சேதி என்ன?"

"நல்ல சேதிதான் அக்கா. வர்ற வியாழக்கிழமை காலேஜ்ல கூட்டம்."

"உனக்குத்தான் எப்பவும் கூட்டமாச்சே."

"இதுல எனக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறாங்க."

ஒட்டுவா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள். "எதுக்கு?"

"இத்தனை வருஷமா செஞ்சதுக்கு."

"சமைச்சதுக்கா பத்திரம்? அப்ப துணி துவைக்கிறவனுக்கு என்னைக்கு வாசிக்கிறாங்களாம்?"

"குடுக்குறதை வேண்டாம்னா சொல்லமுடியும்?"

"எந்த பாஷையில வாசிப்பாங்க?"

"முதல்ல இங்கிலீஷ், அப்புறம் நம்ம ஃபாந்தி."

"இங்கிலீஷ் உனக்குப் புரியுமா?"

"புரியாது. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடுறேன். புரிஞ்சவ ஒருத்தி உக்காந்திருக்கணும்ல."

ஒட்டுவாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "வியாழக்கிழமை சர்ச்சுல மகளிர் கூட்டம். பாக்கலாம்."

"பாக்கலாம்னா வருவியா மாட்டியா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்."

பென்ட்சிவா வீட்டுக்கு வந்து புருஷனிடம் ஒளிக்காமல் சொன்னாள். "ஊரு கேக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. அவ கேக்கணும். படிச்சவங்க வாயால என்னைப் பத்திப் பெருசா நாலு வார்த்தை, அவ உக்காந்து முழுசாக் கேக்கணும். அப்புறம் அவ என்னை என்னன்னு வேணா சொல்லட்டும்."

"வராம போனா?"

"வராம போனா அந்தச் சட்டத்துல உன் போட்டோவைப் போட்டுக்குவோம்" என்று எரிந்து விழுந்தாள்.

இதற்கு நடுவில், விழா நிகழ்ச்சி நிரலை அச்சடிக்கும் பொறுப்பு டாக்டர் இன்கூமுக்குப் போயிற்று. நல்ல பிள்ளை. பிறந்தது இங்கே, வளர்ந்ததும் படித்ததும் லண்டனில், போன பருவத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தான். நம்மைவிட அதிகமாக நம் துணியைக் கட்டுவான். எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணும் ஆசை அவனுக்கு. ஜெபம், தலைவரை அறிமுகம் செய்தல், தலைவர் ஏற்றுக்கொள்ளுதல், மத்தளம், சொற்பொழிவாளரை அறிமுகம் செய்தல், அது இது என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டான். நன்றியுரையோடு பன்னிரண்டு வந்தது. விழாவின் உச்சம் கடைசியில் வரட்டும் என்று பாராட்டுப் பத்திரத்தை அதற்கும் கீழே வைத்தான். எண் போட்டான், அச்சகத்துக்கு அனுப்பினான். ஆர்கோஃபுல் அம்மா தலைநகர் அக்ராவிலிருந்து வரும் சொற்பொழிவாளரின் பின்னால் அலைந்துகொண்டிருந்ததால் தாளைப் பார்க்கவே இல்லை. லண்டனில் வளர்ந்த பிள்ளைக்குப் பதிமூணைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காற்று இருக்கிறது என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

வியாழக்கிழமை பென்ட்சிவா விடியும் முன்பே அடுப்பு மூட்டினாள். தன்னுடைய நாள் என்பதால் கை தாராளமாகப் போயிற்று. வாழைப்பழத்தில் இஞ்சி ஒரு பிடி கூட, மீனில் வெங்காயம் கூட, இறைச்சிப் பைக்குள் இறைச்சி நிஜமாகவே இருந்தது. மதியத்துக்கு மேல் எல்லாவற்றையும் எசி கையில் ஒப்படைத்துவிட்டு, நீலத்தில் வெள்ளைச் சங்கு போட்ட புதுத் துணியில் தைத்த மேல்சட்டையும் பாவாடையுமாக மேடையில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த மண்டபத்தை முன்பக்கத்திலிருந்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான்கு நிகழ்ச்சி முடியும்வரை ஒட்டுவா வரவில்லை. மத்தளம் அடங்கியபோது கதவு திறந்தது. சர்ச்சுக்குப் போடும் வெள்ளை உடுப்போடு, குடையை ஊன்றிக்கொண்டு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவனைப் பார்வையாலேயே எழுப்பிவிட்டு அவன் இடத்தில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆகிப்போன நிகழ்ச்சிகளை நிரலில் ஒவ்வொன்றாக அடித்தாள். தங்கையைப் பார்த்துத் தலைகூட ஆட்டவில்லை. பென்ட்சிவாவுக்கு அது போதும், வந்துவிட்டாள்.

சொற்பொழிவு மீன்பிடிப் படகுகளில் எழுதியிருக்கும் வாசகங்களைப் பற்றியது. 'பொறாமைக்காரா, நீயும் தூங்கு' என்று ஏன் ஒருவன் தன் படகில் எழுதுகிறான், அடுத்த படகுக்காரன் அதற்கு என்ன பதில் எழுதுகிறான் என்று அக்ரா அம்மாள் படம் காட்டிச் சொல்லச் சொல்ல, சபை கைதட்டியது. தலைமை வகித்த மீனவர் தலைவர் தன் படகின் வாசகம் வரவில்லையே என்று நடுவில் கோபித்துக்கொண்டார். நல்ல பேச்சு. இன்றைக்கு மீன் மிஞ்சும் என்று மேடையில் இருந்தபடியே பென்ட்சிவா கணக்குப் போட்டாள்.

நன்றியுரை நீண்டது. அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று திரும்பி, எசி பொரிக்கும் வாழைப்பழத்தின் மணத்தை எல்லா ஜன்னல் வழியாகவும் உள்ளே கொண்டுவந்தது. சபை நெளிய ஆரம்பித்தது. நிகழ்ச்சியை நடத்திய எபோ, அந்த மண்டபத்தில் மைக் பிடித்தே தலை நரைத்தவர். அன்று மாலை முழுக்க எண்ணைச் சொல்லிச் சொல்லித்தான் நிகழ்ச்சியை அறிவித்துக்கொண்டிருந்தார். நன்றியுரை முடிந்ததும் தாளைப் பார்த்தார், வாய் தன் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"அடுத்தது, பதிமூணாம் நம்பர்."

அதற்குப் பிறகு அவர் சொன்ன 'பாராட்டுப் பத்திரம்' என்ற சொல் யார் காதிலும் ஏறவில்லை. மண்டபம் முழுக்க ஒரு சிரிப்பு, பிறகு நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம். பின்வரிசை மாணவர்கள் ஜன்னல் வழியாகவே குதித்தார்கள். மீனவர் தலைவர் வயதுக்கு மீறின வேகத்தில் எழுந்து போனார், அக்ரா அம்மாளைக் கையைப் பிடித்து யாரோ இழுத்துப் போனார்கள். வெளியே ஒலிபெருக்கியில் எண்ணைக் கேட்டதும் எசி பாத்திரங்களின் மூடியைத் திறந்துவிட்டாள், எப்போதும் அதுதானே அடையாளம். ஆர்கோஃபுல் அம்மா மைக்கைப் பிடுங்கி "உட்காருங்க, உட்காருங்க" என்று கத்தினார். யாரிடம் கத்துவது? நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, பென்ட்சிவா செய்தது அதுதான். கொஞ்சம் சுமாராகச் சமைத்திருந்தால் பத்துப் பேராவது தங்கியிருப்பார்கள்.

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் போயிட்டாங்க?" என்று டாக்டர் இன்கூம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பதிமூணுன்னா சாப்பாடு, தம்பி" என்றார் எபோ.

"இதுல பதிமூணு பாராட்டுப் பத்திரம்னு தானே போட்டிருக்கேன்?"

"அதான் தப்பு."

பென்ட்சிவாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது. புதுத் துணியும் அவளுமாக மேடையில் நின்றது அவளுக்கே கேவலமாக இருந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற பயத்தில் முன்வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆன்ட்டி, மன்னிச்சிருங்க. அடுத்த மாசக் கூட்டத்துல முதல் நிகழ்ச்சியா வச்சிருவோம்" என்றார் ஆர்கோஃபுல் அம்மா. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"அதனால என்னம்மா. பத்திரம் எங்க ஓடிப்போகுது? எசி ஒருத்தியால இத்தனை பேரைச் சமாளிக்க முடியாது, நான் போறேன்" என்று பென்ட்சிவா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்தாள்.

"நீ எங்க போற? நில்லு."

வகுப்பறைக் குரல். பென்ட்சிவாவின் கால் படியிலேயே நின்றுவிட்டது.

முன்வரிசையில் ஒட்டுவா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி நாற்காலிகள் கலைந்து கிடந்தன. வாழ்நாளில் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்துக்கும் வராதவள், மற்ற எந்தக் கூட்டத்திலும் முடிவு ஜெபம் ஆனதும் சாப்பாட்டுக்கு நிற்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறவள். பதிமூணின் வேடிக்கை அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுந்திருப்பாளா என்பது வேறு விஷயம்.

"டீச்சர், சாப்பிட்டுட்டு..." என்று ஆரம்பித்தார் எபோ.

"நான் சாப்பிட வரல. இதுல பன்னெண்டு முடிஞ்சது, பதிமூணு பாக்கி. அச்சடிச்சிருக்கு. நடத்தாம கூட்டத்தை முடிக்கிறது எந்த ஊரு வழக்கம்?" என்றாள் ஒட்டுவா. பிறகு ஆர்கோஃபுல் அம்மாவைப் பார்த்து, "வாசிங்க" என்றாள்.

"சபையே இல்லையேம்மா."

"நான் இருக்கேன்ல?"

ஆர்கோஃபுல் அம்மா மேலே மூடியிருந்த துணியை விலக்கிச் சட்டத்தைக் கையில் எடுத்தார். அப்போது ஒட்டுவா குடையை நாற்காலியில் சாத்திவிட்டு எழுந்து நின்றாள். பாராட்டுப் பத்திரம் வாசிக்கும்போது சபை எழுந்து நிற்க வேண்டும் அல்லவா? சபை எழுந்து நின்றது. கையைப் பக்கவாட்டில் வைத்து, கொடி வணக்கத்துக்கு நிற்பதுபோல் நேராக நின்றது.

இங்கிலீஷில் வாசித்தபோது பென்ட்சிவாவுக்குத் தன் பேர் மட்டும்தான் புரிந்தது. அவள் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் அர்த்தம் தெரிந்துகொண்டாள். அந்த முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு உதடு இறுகியது. பிறகு, இங்கிலீஷ் முடியும் இடத்தில், ஒட்டுவா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உடுப்பில் துடைத்தாள்.

பிறகு ஃபாந்தியில் வந்தது. "இந்தத் துறையில் ஒரு சொல்லுக்கு எந்த எழுத்து போடுவது என்று சண்டையிட்டு, வருஷக்கணக்காக முகம் பாராமல் இருந்த இரண்டு பேராசிரியர்களுக்கு, தட்டு தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி ஒரே தட்டில் மீன் வைத்துக் கொடுத்தீர்கள். கை ஒரே தட்டில் போனபின் அவர்களால் பேசாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பேச்சுகளுக்கு ஆள் சேர்த்தது நாங்கள் அல்ல. பேசப் பயந்து வெளியே வந்த பிள்ளைகளைத் தின்னவைத்து உள்ளே திருப்பி அனுப்பினீர்கள், அவர்களில் சிலர் இன்று இங்கே பாடம் நடத்துகிறார்கள். இந்த மண்டபத்தைக் கட்டியவர்கள் வேறு, இதை வீடாக்கியவர் நீங்கள்."

தட்டுப் பொய் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று பென்ட்சிவாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கன்னத்தில் ஓடியதை அவள் துடைக்கவில்லை.

வாசித்து முடிந்தது. இதற்குள் ஜன்னல்களில் தலைகள் முளைத்திருந்தன. தட்டும் கையுமாகச் சிலர் வாசல்வரை வந்து, உள்ளே வர வெட்கப்பட்டு நின்றார்கள். ஆர்கோஃபுல் அம்மா சட்டத்தைக் கொடுக்கக் கை நீட்டினார்.

"எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவை வாசிங்க" என்றாள் ஒட்டுவா.

அவள் காதைப் பற்றி இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசி பெஞ்சில் முணுமுணுத்தவனை முதல் பெஞ்சிலிருந்து பேர் சொல்லி எழுப்பின காது அது.

"இங்கிலீஷா, ஃபாந்தியா?" என்றார் ஆர்கோஃபுல் அம்மா.

"ரெண்டும். அவ பேர் வர்ற எடத்துல எங்கப்பா பேரையும் சேத்து வாசிங்க. அவ என் தங்கச்சி" என்றாள் ஒட்டுவா. பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள்லாம் என்ன வேடிக்கை பாக்குறீங்க? தட்டைக் கீழ வச்சுட்டு உள்ள வந்து நில்லுங்க" என்றாள்.

வந்து நின்றார்கள். மீனவர் தலைவர்கூட வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். ஆர்கோஃபுல் அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தார். வெளியே எசி யாரிடமோ மீன் தீர்ந்துபோச்சு என்று கத்துவது ஜன்னல் வழியாக நன்றாகக் கேட்டது. தீர்ந்தால் தீரட்டும் என்று பென்ட்சிவா அசையாமல் நின்றாள்.